மருந்திடாத வில்லை

ஆசிரியைக்கு வயது முப்பத்தொன்பது. சீடருக்கு நாற்பத்தேழு. ஏற்பாடே தலைகீழாக இருக்கிறதே என்று அந்த ஆய்வுக்கூடத்துக்கு வந்து போவோர் முணுமுணுப்பதுண்டு. ஆசிரியை தெய்வானை அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை. சீடர் சிந்தா மதார் அதை ஒருநாளும் மறப்பதில்லை.

திண்டுக்கல்லில் ஒரு கண் மருத்துவமனையின் பின்கட்டில் இருந்தது அந்த ஆய்வுக்கூடம். மதார் அங்கே இருபது ஆண்டுகள் கண்ணாடிக் குடுவை கழுவியவர். கழுவிக்கொண்டே படித்தார். அஞ்சல் வழியில் ஒரு பட்டம் வாங்கினார். அதன்மேல் இன்னொன்று வாங்கினார். முடிவில், தாம் யாருடைய குடுவைகளைக் கழுவினாரோ அந்தத் தெய்வானையிடமே ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்தார். கறிக்கடைக் குடும்பத்திலிருந்து அவ்வளவு தூரம் நடந்து வந்தவர். யார் எங்கே சிரித்தாலும் தம்மைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று நினைப்பார். கோபம் அவருக்கு அவருடைய தகப்பனார், அத்தா, விட்டுப்போன ஒரே சொத்து.

அன்று காலை அவர் கதவைத் தட்டாமல் உள்ளே வந்தார்.

"எட்டு நாள் ஆச்சு மேடம்."

"ஆமா."

"ஒரு கையெழுத்து. பேனாவைத் தூக்க எட்டு நாளா?"

"உட்காருங்க மதார்."

"நின்னே பழக்கம். இருபது வருஷம் இந்தக் கூடத்துல நின்னுதான் கழுவினேன்."

தெய்வானை மேசைமீது கிடந்த காகிதக் கட்டைப் பார்த்தார். முப்பத்திரண்டு பக்கம். மதாரின் வாழ்வில் அவர் பெயர் முதலாவதாக நிற்கும் முதல் ஆய்வுரை. ஆசிரியை கையொப்பமிட்டால் அது பத்திரிகைக்குப் போகும்.

அந்த முப்பத்திரண்டு பக்கத்தின் சாரம் இதுதான்.

கண்ணின் வில்லைக்குள் இரத்தக்குழாய் கிடையாது. ஒளிக்குக் குறுக்கே நிற்கும் எதையும் அது தன்னிடம் வைத்துக்கொள்வதில்லை. வெங்காயத்தின் தோல்களைப் போல இழைமேல் இழையாகச் செல்கள் அடுக்கியிருக்கும். ஒவ்வொரு செல்லும் தன் உட்கருவையே கரைத்துவிட்டுத்தான் அந்த அடுக்கில் இடம் பெறும். அச்செல்களின் சுவரில் ஒரு புரதம் உண்டு. நீர் போக, வர வழிவிடும் நுண்ணிய வாய் அது. ஆய்வுக்கூடத்தில் அதை மடை என்பார்கள். உடம்பின் மற்ற இடங்களில் உள்ள நீர்மடைகள் வாரி வழங்கும். வில்லையின் மடையோ பரம கஞ்சன். கசிய விடும், அவ்வளவே. அதிலும் பெரும்பகுதி மடைகள் நீரே விடாமல், அடுத்த செல்லின் சுவரைப் பற்றிக்கொண்டு வெறுமனே நிற்கும். அப்படி அவை பற்றி நிற்பதால்தான் இழைகள் நெருங்கியிருக்கின்றன. வில்லை கண்ணாடியாக இருக்கிறது. இந்த மடை பழுதாகப் பிறந்த குழந்தைக்கு வில்லை பிறவியிலேயே வெளுத்துப் புரையாகிவிடும்.

இந்தக் கஞ்சத்தனம் மதாருக்குப் பொறுக்கவில்லை. மூடிக் கிடக்கும் மடைகளைத் திறந்துவிட்டால் தேங்கிய நீர் வடியும், வடிந்தால் புரை தெளியும், கத்தி வேண்டாம், கட்டு வேண்டாம் என்பது அவர் கொள்கை. அதற்கென ஒரு சொட்டு மருந்து கூட்டினார். தம் அக்காவின் கறிக்கடையிலிருந்து ஆட்டுக்குட்டிக் கண்களை ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து வில்லைகளை எடுத்தார். எடுக்கும்போது ஒவ்வொரு வில்லையும் நடுவில் பால் உறைந்தாற்போல் வெளுத்திருக்கும். சொட்டு விட்டு, உடம்பின் சூடு மாறாமல் காக்கும் சூட்டுப்பெட்டிக்குள் வைப்பார். பத்தாவது நிமிடம் வில்லை பளிங்காகிவிடும். நாற்பது வில்லைகளில் நாற்பதும் தெளிந்தன.

"பதினேழாம் பக்கத்து ஓரத்துல பென்சில்ல ஒண்ணு எழுதியிருந்தேன்," என்றார் தெய்வானை. "பாத்தீங்களா?"

"பாத்தேன். அழிச்சுட்டேன்."

"அழிச்சுட்டீங்களா?"

"அழிக்காம? ஜோடி எங்க இருக்கணும்னு எனக்குச் சொல்லித் தர்றீங்க."

மருந்து விட்ட வில்லை ஒன்று இருந்தால், மருந்து விடாத வில்லை ஒன்றும் அதன் பக்கத்தில் இருக்க வேண்டும். அப்போதுதான் மருந்து செய்தது எது, தானாக நடந்தது எது என்று பிரித்தறியலாம். அந்த மருந்திடாத வில்லையைத்தான் அவர்கள் ஜோடி என்பது. மதாரும் ஜோடி வைத்திருந்தார். நாற்பது மருந்திட்டவைக்கு நாற்பது மருந்திடாதவை. மருந்திட்டவை சூட்டுப்பெட்டியில் இருந்தன. மருந்திடாதவை ஐஸ் பெட்டியிலேயே இருந்தன.

"ஜோடியையும் அதே சூட்டுல வெச்சுப் பாருங்கன்னுதான் எழுதினேன். கூடவே, குட்டி வேணாம், முத்தின கிடாவோட வில்லையை எடுங்கன்னு."

"மருந்து போடாத சரக்கு ஐஸ்லதான் மேடம் இருக்கணும். வெளியே வெச்சா கெட்டுப்போகும். எங்க வீட்டுல பச்சப்புள்ளைக்குக்கூட இது தெரியும்."

"பத்து நிமிஷத்துலயா கெட்டுப்போகும்?"

"கெடுதோ கெடலயோ, ஒழுங்குன்னு ஒண்ணு இருக்குல்ல?"

"அது கறிக்கடை ஒழுங்கு மதார்."

சொன்ன பிறகுதான் அந்தச் சொல் எங்கே போய்த் தைக்கும் என்பது ஆசிரியைக்குத் தெரிந்தது. அதற்குள் தைத்துவிட்டது.

"வந்துட்டீங்களா அங்க," என்றார் மதார். குரல் உயரவில்லை. "எட்டு நாளா எங்க சுத்தினாலும் இங்கதான் வந்து நிப்பீங்கன்னு தெரியும். இதே பேப்பரை ஒரு டாக்டர் வீட்டுப் பையன் கொண்டாந்திருந்தா அன்னைக்கே கையெழுத்து விழுந்திருக்கும்."

"அவன் கொண்டாந்திருந்தா பென்சிலை எடுத்திருக்க மாட்டேன். பேப்பரைத் தூக்கி எறிஞ்சிருப்பேன்."

"எறிங்க. நீங்க நம்பலேன்னா உலகம் முடிஞ்சு போகாது. நம்புறவங்க இருக்காங்க. எங்க அக்கா ஆபரேஷனே வேணாம்னுட்டு என் சொட்டுக்காகக் காத்திருக்கு."

தெய்வானை தேநீர்க் குவளையை உதட்டருகே கொண்டுபோயிருந்தார். அது அங்கேயே நின்றது.

"ஜொகராக்காவா?"

"எனக்கு இருக்குறது ஒரே அக்கா."

"அவங்களுக்குப் போன மாசமே தேதி குடுத்தாங்களே. வலது கண்ணு முத்திருச்சு, இடதுலயும் ஆரம்பிச்சிருக்குன்னு."

"குடுத்தாங்க. நான்தான் வேணாம்னேன். சொட்டு வந்துரும், பொறுன்னேன்."

"வலி ஏதும் சொல்றாங்களா?"

"ரெண்டு நாளா வலது பக்கம் தலைவலிங்குது. கடையில நிக்கிற அலுப்பு."

"வாந்தி?"

மதார் சற்று யோசித்தார். "நேத்து ஒருவாட்டி. பித்தம்னுச்சு."

குவளை மேசைக்குத் திரும்பியது. தெய்வானை எழுந்தார். பதினோரு ஆண்டுப் பழக்கத்தில் அவர் முகம் அப்படிச் சிவந்து மதார் பார்த்ததில்லை.

"முத்தின வில்லை தண்ணியைக் குடிச்சு உப்பும். உப்பினா கண்ணுக்குள்ள நீர் வடியிற வழியை அடைக்கும். அழுத்தம் ஏறும். தலை வலிக்கும், வாந்தி வரும், பின்னால இருக்குற நரம்பு சாகும். செத்த நரம்புக்கு எந்த மடையைத் திறந்து என்ன பிரயோஜனம்? இதை உங்களுக்கு யார் பாடம் எடுத்தது?"

மதார் மேசைமீது கிடந்த காகிதக் கட்டைப் பார்த்தார்.

"யார் எடுத்தது?"

"நீங்கதான்."

"பரீட்சையில எவ்வளவு வாங்கினீங்க?"

"தொண்ணூத்தாறு."

"கிளம்புங்க."

ஆட்டோவில் ஏறினார்கள். மதாரின் உள்ளம் கொதித்துக்கொண்டிருந்தது. கையெழுத்தைக் கேட்டால் அக்காவை இழுக்கிறாரே. ஆய்வுரையில் குற்றம் காண முடியாதவர் வீட்டுக்குள் புகுந்து குற்றம் காண்கிறாரே என்று நினைத்தார். அக்காவின் தலைவலி ஒரு பக்கம் நெருடியது. நெருடலையும் கோபமாகவே மாற்றிக்கொண்டார். அந்தக் கலை அவருக்குக் கைவந்தது.

சந்தைத் தெருவின் திருப்பத்தில் இருந்தது ஜொகராவின் கடை. தாய் இறந்தபோது மதாருக்கு ஆறு வயது, ஜொகராவுக்குப் பதினேழு. தம்பியை வளர்த்தவள் அவள். கணவர் இறந்த பின், ஆண்கள் மட்டுமே நின்ற அந்தக் கறிக்கடை வரிசையில் கத்தியோடு போய் நின்றவளும் அவள்தான். தம்பியை மட்டும் கடைக்குள் கால்வைக்க விட்டதில்லை. "நான் வெட்டுறேன், நீ படி," என்பாள். அவர் நாற்பது வயதைத் தாண்டி ஆராய்ச்சிக்குக் கண்கள் கேட்டு வந்தபோதும் வாசலில் நிறுத்தித்தான் பெட்டியைக் கொடுத்தாள்.

அவர்கள் போய் இறங்கியபோது ஜொகரா வெட்டுக்கட்டையின் முன் நின்றிருந்தாள். முகத்தை வலப்பக்கம் திருப்பி, இடது கண்ணால் கறியைப் பார்த்து வெட்டிக்கொண்டிருந்தாள். இடது கைப் பெருவிரலில் துணிக்கட்டு. கடை முன்னால் ஒருவர் ஒரு குட்டித்தலையைத் தூக்கிப் பிடித்து வழக்காடிக்கொண்டிருந்தார்.

"என்னக்கா இது, கண்ணு ரெண்டும் வெளுத்துக் கெடக்கு. சீக்கு ஆட்டைத் தலையில கட்டுறீங்க."

"தலையைத்தானே கட்டுறேன், ஆட்டையா கட்டுறேன்? இங்க குடு."

"நல்லதா வேற எடுங்க."

"இதுவே நல்லதுதாம்ப்பா. காலையிலேருந்து ஐஸ்ல கெடந்துச்சு. குளிர் உனக்கு மட்டுந்தான் அடிக்குமா, அதுக்கு அடிக்காதா?"

ஜொகரா அந்தத் தலையை வாங்கி, பக்கத்து வாளியில் இருந்த வெந்நீரில் கண்கள் முழுகும்படி அமிழ்த்திப் பிடித்தாள். ஒரு கையால் அதைப் பிடித்தபடியே மறு கையால் இன்னொருவருக்கு ஈரலை எடுத்துப் பொட்டலத்தில் வைத்தாள். தெருவோடு போன ஒருத்தியிடம் மகளுக்குக் குழந்தை பிறந்ததா என்று கேட்டாள். பிறகு தலையை வெளியே எடுத்துத் துடைத்து, வழக்காடியவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"இப்பப் பாரு. உன்னையே முறைக்குது."

இரு கண்களும் கருகருவென்று தெளிந்திருந்தன.

வழக்காடியவர் சிரித்தார். "மந்திரம் போடுறீங்கக்கா," என்று வாங்கிக்கொண்டு போனார்.

மதார் ஆட்டோவுக்கும் கடைக்கும் நடுவில் நின்றுவிட்டார். தெய்வானை மதாரைப் பார்க்கவே இல்லை. ஜொகராவின் வலது கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது மிளகாய்ப் பழமாகச் சிவந்திருந்தது.

"அக்கா," என்றார் மதார். "இப்ப என்ன பண்ணே?"

"வாடா. டீச்சரம்மாவையும் கூட்டியாந்திருக்கே. என்னத்தப் பண்ணேன்?"

"அந்தத் தலையை."

"ஓ, அதா. குட்டித்தலை ஐஸ்ல கெடந்தா கண்ணு வெளுக்கும். வெந்நியில முக்குனா தெளிஞ்சிரும். கிடாத்தலை வெளுக்காது. அத்தா காலத்துலேருந்து இதான். உனக்குத் தெரியாதா?"

"தெரியாது."

"எப்படித் தெரியும், உன்னையக் கடைக்குள்ள விட்டாத்தானே."

மதார் வெட்டுக்கட்டையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"நாப்பது கண்ணு தெளிஞ்சுச்சுன்னு வந்து சொன்னேனே. அப்ப நீ ஒண்ணும் சொல்லலியே."

ஜொகரா கத்தியைத் துணியில் துடைத்தாள்.

"நெனச்சேன்டா. ஐஸ்ல இருந்து எடுத்தாத் தெளியத்தானே செய்யும்னு நெனச்சேன். அப்புறம், இவ்வளவு படிச்சவன் சொல்றான், உள்ளுக்குள்ள வேற என்னமோ இருக்கும்னு விட்டுட்டேன்."

"வாயைத் திறந்து கேட்டிருக்கலாம்ல?"

"நீ கேக்கவா வந்தே? சொல்ல வந்தே. மூஞ்சியெல்லாம் சிரிப்பா இருந்துச்சு. அத்தா மௌத்தான பெறகு அப்படி நீ சிரிச்சு நான் பாக்கல."

தெய்வானை முன்னே வந்தார்.

"அக்கா, கத்தியைக் கீழே வைங்க. ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

"ஏவார நேரம் டீச்சரம்மா. மத்தியானத்துக்கு மேல வர்றேன்."

"மத்தியானம்லாம் கிடையாது. இப்ப."

"ரெண்டு கிடா தொங்குதே, அதை யாரு பாக்குறது?"

"அக்கா, கடையைச் சாத்து. நான் சொல்றேன்," என்றார் மதார்.

ஜொகரா தம்பியின் பக்கம் முகத்தைத் திருப்பினாள். நன்றாகத் தெரியும் பக்கத்தால் அவரைப் பார்த்தாள்.

"நீ சொல்லித்தாண்டா ஒரு மாசம் ஒத்திப்போட்டேன்."

அதில் குத்தல் இல்லை. நடந்ததைச் சொன்னாள். அதனால்தான் மதாரால் அதைக் கோபமாக மாற்ற முடியவில்லை.

மருத்துவமனையில் வலது கண்ணின் அழுத்தத்தை அளந்த டாக்டர் இரண்டாம் முறையும் அளந்து பார்த்தார். பிறகு கருவியைக் கீழே வைத்துவிட்டுச் சத்தம் போட்டார்.

"கல்லு மாதிரி இருக்கு கண்ணு. போன மாசமே தேதி குடுத்தோம். யாரும்மா உங்களை வர வேணாம்னு சொன்னது?"

"யாரும் சொல்லல டாக்டர். எனக்குத்தான் பயம். கத்தின்னாலே பயம்."

முப்பது ஆண்டுகளாகக் கத்தி பிடிக்கும் கை அவள் மடியில் கிடந்தது. தெய்வானை சுவரில் இருந்த எழுத்துப் பலகையை மேலிருந்து கீழாகப் படித்துக்கொண்டிருந்தார்.

"பொய் சொல்லுது சார்," என்றார் மதார். "நான்தான் வேணாம்னேன்."

டாக்டர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க பின்கட்டு ஆராய்ச்சிக்காரர்தானே?"

"ஆமா சார்."

"கண்ணைத்தானே ஆராயுறீங்க?"

மதார் தலையசைத்தார். டாக்டர் மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

மருந்தால் அழுத்தத்தை இறக்கி, பிற்பகலில் அறுவை நடந்தது. வில்லை மிகவும் கெட்டிப்பட்டிருந்ததால் உடைக்காமல் முழுதாகவே எடுத்தார்கள். தெய்வானை முன்கூட்டியே டாக்டரிடமும் ஜொகராவிடமும் கேட்டு வைத்திருந்தார். ஒரு செவிலி சிறு குப்பியில் உப்புநீர் ஊற்றி, அதில் வில்லையைப் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள்.

அந்தக் குப்பியை ஆசிரியை ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துவந்தார். கண்ணாடித் தட்டு ஒன்றில் உப்புநீரோடு ஊற்றி மதாரின் முன் வைத்தார்.

துவரம்பருப்பைவிடச் சற்றுப் பெரியதாக இருந்தது அது. வெல்லப்பாகு உறைந்த நிறம். ஓரம் வெளுத்துக் கலங்கியிருந்தது.

"இதோட நடுவுல இருக்குற பகுதி உங்க அம்மா வயித்துக்குள்ள உண்டானது," என்றார் தெய்வானை. "தோல் உரியும், ரத்தம் மாறும், எலும்புகூடப் புதுப்பிச்சுக்கும். இதுல பழசை எடுத்துட்டுப் புதுசு வைக்கிற வழி கிடையாது. அம்பத்தெட்டு வருஷத்துக்கு முந்தி ஒண்ணையொண்ணு பிடிச்ச மடைங்கதான் கடைசி வரைக்கும்."

மதார் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். தாயின் முகம் அவருக்கு நினைவில் இல்லை. ஒரு புகைப்படமும் இல்லை.

தெய்வானை அலமாரியைத் திறந்து மதாரின் சொட்டு மருந்துப் புட்டியை எடுத்துத் தட்டின் அருகே வைத்தார்.

"விடுங்க."

"வேணாம் மேடம்."

"ஏன்?"

"என்னைக் கேவலப்படுத்தப் பாக்குறீங்க."

"நாப்பதுல விட்டீங்க. இது நாப்பத்தொண்ணு. விடுங்க மதார். தெளிஞ்சா இந்த நிமிஷமே கையெழுத்துப் போடுறேன்."

உண்மையாகவே பேனாவைத் திறந்து, முப்பத்திரண்டாம் பக்கத்தைப் புரட்டிவைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

மதார் விட்டார். வழக்கம்போல மூன்று சொட்டு. தட்டைச் சூட்டுப்பெட்டிக்குள் வைத்து மூடினார். பத்து நிமிடம் ஆனது. பெட்டியின் கண்ணாடி வழியே பார்த்தார். அரை மணி ஆனது. ஒரு மணி ஆனது. தெய்வானையின் பேனா முனையில் மை காய்ந்தது. மூடிவைத்துவிட்டு வீட்டுக்குப் புறப்பட்டார். கதவருகே நின்று, "காலையில கட்டுப் பிரிப்பாங்க. போய்ப் பக்கத்துல நில்லுங்க," என்றார்.

மறுநாள் காலை கட்டைப் பிரித்தார்கள். ஜொகரா கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டிப் பார்த்தாள். முதலில் சன்னலைப் பார்த்தாள். பிறகு தம்பியைப் பார்த்தாள்.

"என்னடா, இவ்வளவு நரைச்சிருச்சு உனக்கு."

மதார் தலையைத் தடவிக்கொண்டார்.

டாக்டர் தம் விரலை அவளுக்கு நேரே காட்டினார். தெரிந்தது. மேலே காட்டினார். தெரிந்தது. மூக்குப் பக்கமாக மெல்ல நகர்த்தினார்.

"இங்க?"

"எங்க?"

"இப்போ?"

"விரல் எங்க போச்சு டாக்டர்?"

டாக்டர் கையை இறக்கினார். "இந்த ஓரத்துக்கு நரம்பு போயிருச்சும்மா. அது இனிமே வராது. நேர்ப்பார்வை தப்பிச்சுது. இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா அதுவும் இருந்திருக்காது."

ஜொகரா தோளைக் குலுக்கினாள்.

"கறியை நேராத்தானே வெட்டணும். ஓரம் கெடக்குது விடுங்க."

மதார் அங்கிருந்து விடுவிடென்று நடந்து பின்கட்டுக்கு வந்தார். ஒரு மாதத்துக்கு முன் அந்த ஓரம் உயிரோடு இருந்தது. நாற்பது வில்லைகளைத் தெளிய வைத்த கையால் அந்த ஓரத்தைக் கொன்றாயிற்று. யார்மீது பாய்வது என்று தெரியாத சினம் அவரைக் கடித்துத் தின்றது. ஆய்வுக்கூடத்தில் தெய்வானை இருந்தார். பாய்வதற்கு அவர் போதும்.

சூட்டுப்பெட்டியைத் திறந்து தட்டை எடுத்து அவர் முன் வைத்தார் மதார். வில்லை நேற்று இருந்தபடியே இருந்தது. பாகு நிறம் பாகு நிறமாகவும் கலங்கல் கலங்கலாகவும்.

"சந்தோசமா?"

"இல்ல."

"அன்னைக்கே என்னைக் கூப்பிட்டு நாலு திட்டுத் திட்டியிருக்கலாம்ல? ஐஸ்ல வெளுத்தது ஐஸ் விட்டாத் தெளியும்டா முட்டாள்னு மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்கலாம்ல? பென்சில்ல எழுதினீங்களாம் பென்சில்ல. பேனாவுல எழுதியிருந்தா அழிச்சிருப்பேனா?"

"பேனாவுல எழுதியிருந்தா பக்கத்தைக் கிழிச்சிருப்பீங்க."

மதார் பெருமூச்சு விட்டார். அது உண்மை. உண்மையாக இருந்ததால் கோபம் இன்னும் ஓர் அங்குலம் ஏறியது. முப்பத்திரண்டு பக்கத்தையும் எடுத்தார். கிழிக்கப் போகிறார் என்று தெய்வானை நினைத்தார். கிழிக்கவில்லை. பதினேழாம் பக்கத்தைப் புரட்டி, அழித்த பென்சில் வரியின் தழும்பு இருந்த ஓரத்தை விரலால் குத்திக் காட்டினார்.

"சரி. உங்க வழிக்கே வர்றேன். இது தெளியல. ஒத்துக்கிறேன். ஆனா ஒத்தை வில்லையை வெச்சுக்கிட்டு என் மருந்து வீண்னு நீங்க எப்படிச் சொல்லலாம்? ஜோடி இல்லாம ஒண்ணும் பேசக்கூடாதுன்னு இங்க எழுதினது யாரு? மருந்து போடாதது வேணும். அதே வயசு, அதே உடம்பு, அதே சூடு. நேத்து எனக்கு முன்னால ஒரே தட்டைத்தானே வெச்சீங்க. இதுக்கு ஜோடி எங்க மேடம்?"

தெய்வானை தட்டை மெல்லத் தம் பக்கம் இழுத்து, தூசி விழாமல் மூடினார்.

"இருக்கு மதார். உங்க அக்காவோட இடது கண்ணுல. சரியான சூட்டுலதான் இருக்கு."